உட்கார்ந்தால் பதினொன்று, நின்றால் ஒன்பது

மூன்றாவது ஆளும் வெறுங்கையோடு படியிறங்கிப் போனதை முதலாளி பார்த்துவிட்டார்.

பார்க்காமல் இருந்திருக்கலாம். அதுவரை மேஜைக்கு அடியில் குனிந்து பேனாவைத் தேடிக்கொண்டிருந்த மனுஷன், சரியாக அந்த நொடியில்தான் தலையைத் தூக்கவேண்டுமா? அங்குலத்துக்கு அன்றைக்கு நேரம் அப்படி.

அங்குலம் என்பது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. இருபத்தாறு வருஷமாக அந்தச் செருப்புக் கடையில் அளவு பார்க்கிறவர். அளவுப் பலகையைக் கையால் தொடமாட்டார். வாசலில் கால் வைக்கும்போதே, "ஏழு. இடது கால் கொஞ்சம் அகலம். சுண்டு விரல்ல ஆணி" என்று சொல்லிவிடுவார். அதனால் கடையில் வைத்த பெயர் அது. வாடிக்கையாளரின் முகத்தை அவர் பார்ப்பதே இல்லை. அவர்களைப் பேச விடுவதும் இல்லை. ஏழாம் நம்பர் காலை வைத்துக்கொண்டு வாய் கூசாமல் ஆறு என்பார்கள், அதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டால் கடை நடத்த முடியுமா என்பது அவர் கட்சி.

"என்னப்பா அங்குலம்," என்றார் முதலாளி. "காலையிலேருந்து மூணு பேர். மூணு பேரும் கைய வீசிக்கிட்டுப் போறாங்க."

"மொத அம்மாவுக்கு நெறம் புடிக்கல முதலாளி. ரெண்டாவது ஆளுக்கு..."

"கதை வேணாம். நாலு மணிக்குக் கால் அளக்கற மெஷின்காரர் வர்றார். கண்ணாடிப் பலகை மேல ஏறி நின்னாப் போதும், நீளம், அகலம், வளைவு எல்லாம் திரையில வந்துடுமாம். ஆர்டர் தாள் ரெடியா இருக்கு, என் கையெழுத்துதான் பாக்கி. அதுக்குள்ள இன்னும் ஒரே ஒருத்தர் வெறுங்கையோட இந்த வாசலத் தாண்டினா, கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடுவேன். நீ பின்னாடி குடோனுக்குப் போய்ப் பெட்டிக்குத் தூசி தட்டு."

அங்குலம் தன் ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தார். முன்பக்கம் சரிவாக இருக்கும் அந்தக் குட்டி ஸ்டூல்தான் அவருக்கு எல்லாமே. அதில் உட்கார்ந்து, ஒரு காலை மடியில் வாங்கி, வாரை இழுத்து மாட்டி, "எழுந்து நடங்க" என்று சொல்லும்போது அவர் ராஜா. குடோனில் யாருடைய கால் இருக்கிறது?

பில் போடும் அக்கா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே ஆறுதல் சொன்னாள். "விடுங்கண்ணே. பெட்டிக்கும் நீளம் அகலம் இருக்கு. பாத்துப் பாத்துச் சொல்லிக்கிட்டு இருக்கலாம்."

"நீ பேசாம இரு தாயே."

மணி இரண்டு. கண்ணாடிக் கதவு திறந்தது. அங்குலம் வழக்கம்போல் தரையைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வந்தவை கால்கள்தானா என்றே சந்தேகமாக இருந்தது. விரல் இல்லை, குதிகால் இல்லை, கணுக்கால் என்று ஒன்று இருப்பதற்கான அறிகுறியே இல்லை. கறுப்பு உறை போட்ட இரண்டு குட்டித் தலையணைகள் நடந்து வந்தன. இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக அங்குலத்தின் வாயில் நம்பர் வரவில்லை.

வேறு வழியில்லாமல் பார்வையை மேலே கொண்டுபோனார். பாதத்திலிருந்து கழுத்துவரை ஒரே துண்டாகக் கறுப்பும் சிவப்புமாய் ரப்பர் உடை. மணிக்கட்டில் இறுக்கம், கழுத்தில் அதைவிட இறுக்கம். அந்தக் கழுத்துக்கு மேலே, வேர்த்து விறுவிறுத்துப்போன சாதுவான ஒரு முகம், மூக்குக் கண்ணாடியோடு.

"வணக்கங்க," என்றார் ரப்பர்க்காரர். கழுத்துப்பட்டை பிடித்த பிடியில் குரல் நூல் மாதிரி வந்தது. "ஒரு சின்ன உதவி. நான் மேல..."

"மேல எல்லாம் அப்புறம் சார். மொதல்ல கீழ பாப்போம். உக்காருங்க."

"இல்லங்க, உக்காரல்லாம்..."

"நம்ம கடையில யாரும் நிக்கக் கூடாது சார்." தோளைப் பிடித்து அழுத்தினார். ரப்பர்க்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. பெஞ்சிலிருந்தா உடையிலிருந்தா என்று தெரியவில்லை.

அங்குலம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தத் தலையணைகளில் ஒன்றை மடியில் தூக்கி வைத்தார். "இது என்ன டிரஸ் சார், நான் பார்த்ததே இல்லையே?"

கேட்டிருக்கக் கூடாது. இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று மூன்று மாசமாக ஏங்கிக்கொண்டிருந்த மனுஷர் அவர் என்பது அங்குலத்துக்கு எப்படித் தெரியும்? ரப்பர்க்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. வந்த வேலையே மறந்துவிட்டது.

"டிரை சூட்டுங்க. கடல், ஏரி, இதுக்கெல்லாம் அடியில போறதுக்கு. தண்ணி எவ்வளவு ஜில்லுனு இருந்தாலும் கவலையில்ல. உள்ள ஒரு சொட்டு வராது."

"அடிவரைக்கும் போவீங்களா?"

"இன்னும் போகல. படிச்சிருக்கேன்."

"பாதம் ஏன் சார் இப்படிக் கொழகொழன்னு இருக்கு?"

"இந்த மாடல்ல வெறும் சாக்ஸ் மாதிரிதான் வெச்சிருக்காங்க. இதுக்கு மேல பூட்ஸ் நாமதான் தனியா வாங்கிப் போட்டுக்கணும்."

அங்குலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓரக்கண்ணால் முதலாளியைப் பார்த்தார். முதலாளி பேனாவைக் கண்டுபிடித்திருந்தார்.

"அப்ப வாங்கிடுங்க சார்!"

"வாங்கணும்தான். ஆனா இப்ப நான் எதுக்கு வந்தேன்னா..."

"இப்பவேதான் சார். அதுவும் நீங்க இதப் போட்டுக்கிட்டே வந்தீங்க பாருங்க, அங்கதான் நிக்கறீங்க நீங்க! மத்தவங்க வெறுங்கால்ல அளவு குடுத்துடுவாங்க. அப்புறம் கடிக்குது கடிக்குதுன்னு வந்து நம்ம உசுர வாங்குவாங்க."

"அய்யோ, அதுக்காகப் போட்டுக்கிட்டு வரலங்க. இது..."

"தன்னடக்கம் வேற. சொல்லுங்க, எப்படி இருக்கணும் பூட்ஸ்?"

மறுபடியும் கேள்வி. மறுபடியும் அந்த முகத்தில் வெளிச்சம். படித்த பாடத்தை ஒப்பிக்கச் சொன்னால் எந்த நல்ல மாணவன் வாயை மூடிக்கொண்டிருப்பான்?

"அடிப்பாகம் கெட்டியா இருக்கணும், பாறையில நடக்கறதுக்கு. கணுக்கால மூடணும். இறுக்கமா இருக்கக் கூடாது. ரத்த ஓட்டம் நின்னுட்டா அந்தக் குளிர்ல விரல் மரத்துப்போயிடும். லூசாவும் இருக்கக் கூடாது."

"லூசா இருந்தா?"

"சூட்டுக்குள்ள காத்து இருக்குங்களே, அது கால்ல போய்ச் சேந்துக்கும். கால் மேல தூக்கும், தலை கீழ போகும். தலைகீழாத் தொங்க வேண்டியதுதான்."

"தண்ணிக்குள்ளயா?"

"தண்ணிக்குள்ளதான். இன்னொண்ணு, பூட்ஸுக்கு மேல துடுப்பு மாட்டணும். அதுக்கும் எடம் வேணும்."

"செருப்புக்கு மேல செருப்பா?" என்றார் முதலாளி தன் இடத்திலிருந்தே. ஒரு கால் இரண்டு ஜோடி கேட்கிறது என்ற எண்ணமே அவருக்கு இனித்தது.

அங்குலம் மடியிலிருந்த தலையணையை அமுக்கிப் பார்த்தார். உள்ளே எங்கோ ஒரு கால் தட்டுப்பட்டது. கண்ணை மூடினார். "ஒன்பது" என்றார். மலையேறுகிறவர்கள் போடுகிற உயரமான கான்வாஸ் பூட்ஸில் ஒன்பதாம் நம்பரை எடுத்துவந்து மாட்டினார்.

நுழையவில்லை. குதிகாலைத் தள்ளும் இரும்புக் கரண்டியை விட்டு நெம்பினார். கரண்டி வளைந்தது. பத்தாம் நம்பர் பாதி வழியில் நின்றது. பதினொன்று சொகுசாகப் போய் உட்கார்ந்தது.

"பதினொண்ணு!" என்று அறிவித்தார் அங்குலம், முதலிலிருந்தே அதைத்தான் சொன்னவர்போல. "எழுந்து நடங்க சார்."

ரப்பர்க்காரர் எழுந்தார். ஒரு அடி வைத்தார். பூட்ஸ் அதே இடத்தில் நின்றது, கால் மட்டும் வெளியே வந்துவிட்டது.

"ஒன்பது போட்டுப் பாப்போம்," என்று நின்றபடியே மாட்டினார். வெண்ணெயாக நுழைந்தது. "ஒன்பதுதான். நான்தான் மொதல்லயே சொன்னேனே. உக்காருங்க சார், லேஸ் கட்டறேன்."

ரப்பர்க்காரர் உட்கார்ந்தார். "ஆ!" என்று அலறினார்.

பில் போடும் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "உக்காந்தா பதினொண்ணு, நின்னா ஒன்பது. ரெண்டு ஜோடியாப் பில் போட்டுடவா அண்ணே?"

சாயங்காலத்தில் கால் கொஞ்சம் வீங்கும், அது அங்குலத்துக்குத் தெரியும். கர்ப்பிணிப் பெண்களுக்கு வீங்கும், அதுவும் தெரியும். உட்கார்ந்து எழுவதற்குள் இரண்டு நம்பர் ஏறி இறங்குகிற காலை அவர் கேள்விப்பட்டதுகூட இல்லை. அவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

"காத்துங்க," என்று ரப்பர்க்காரர்தான் விளக்கம் சொன்னார். அடுத்தவர் முகம் வாடினால் தாங்காத ஜாதி மனுஷர் அவர். "உக்காரும்போது வயித்துப் பக்கம் மடங்குதுல்ல? அங்க இருக்கற காத்து கீழ எறங்கிடுது. எங்கேயும் போக வழியில்ல, எல்லாப் பக்கமும் மூடியிருக்கு. அதனாலதான் உங்ககிட்ட..."

"புரிஞ்சுபோச்சு சார்! தண்ணிக்குள்ள நீங்க உக்காருவீங்களா, நிப்பீங்களா?"

"ரெண்டும் இல்ல. குப்புறப் படுத்த மாதிரி போவேன்."

"அப்ப படுங்க."

அந்த மனுஷர் மறுத்திருக்கலாம். ஆனால் நியாயமான வாதம் ஒன்றுக்குத் தலைவணங்குவது அவர் சுபாவம். பெஞ்சில் குப்புறப் படுத்தார். தலை ஒரு பக்கம் தொங்கியது, கால் மறுபக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட ஷூ வாங்க மகளோடு வந்த ஒரு அம்மா, வாசலிலேயே தயங்கினாள்.

"வாங்கம்மா, வாங்க. சாருக்கு அளவு பாக்கறோம், அவ்வளவுதான்," என்றார் முதலாளி.

படுத்தால் இடது கால் பத்து, வலது கால் பத்தரை. இதற்கு மேல் பொறுக்க அங்குலத்தால் முடியவில்லை. காற்றுதானே எதிரி? காற்றைக் கீழே இறங்கவிடாமல் செய்தால் போச்சு. அவரை எழுப்பி நிறுத்தி, பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து, பற்பசைக் குழாயைப் பிதுக்குவதுபோல் கணுக்கால், முழங்கால், தொடை என்று மேல்நோக்கி உருவினார். இடுப்புவரை உருவியதும் அங்கே ஒரு பெல்ட்டைக் கட்டிவிட்டார். கறுப்பு நிறம், ஆண்களுக்கானது, அலமாரியிலிருந்து எடுத்தது.

கால் இரண்டும் ஒட்டிப்போய் அழகாக ஒன்பதுக்கு வந்தன. இடுப்புக்கு மேலே நிலைமை வேறாக இருந்தது. வயிறு உப்பியது. மார்பு உப்பியது. ரப்பர்க்காரரின் இரண்டு கைகளும் அவரைக் கேட்காமலே பக்கவாட்டில் எழும்பி, விறைத்து நின்றன. "பிரதர்... பின்னாடி..." என்று சொல்லி முதுகைக் காட்டித் திரும்பினார். அந்தத் திரும்பலில் வலது கை பெண்கள் செருப்பு ஸ்டாண்டில் பட்டது. சுழலும் ஸ்டாண்டு. அது சுழன்று, நாற்பது ஜோடியையும் கடை முழுக்க விசிறிவிட்டு நின்றது.

"முதுக எதுக்குக் காட்டறீங்க சார்? எனக்குக் கால்தான் முக்கியம்," என்று அங்குலம் அவரைத் திருப்பி நிறுத்தினார்.

பெல்ட்டை அவிழ்த்தார்கள். காற்று இறங்கி, கைகளும் இறங்கின.

"பத்து போட்டுடலாம் சார். ஒன்பதுக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல. யாருக்கும் மனக்கஷ்டம் வேணாம்," என்றார் அங்குலம். பத்தாம் நம்பரை மாட்டி லேஸை இறுக்கிக் கட்டினார். உட்கார்ந்தால் லேசாகப் பிடித்தது, நின்றால் லேசாக ஆடியது.

"துடுப்பு?" என்றார் ரப்பர்க்காரர். அவருக்கே இப்போது ஆர்வம் வந்துவிட்டது. அதுதான் உண்மை. வீட்டில் யாரும் இவ்வளவு அக்கறையாக அவர் பூட்ஸைப் பற்றிப் பேசியதில்லை.

கடையில் துடுப்பு ஏது? அங்குலம் இரண்டு பெரிய அட்டைப்பெட்டி மூடிகளை எடுத்து, ஓட்டை போட்டு, ஷூ லேஸால் பூட்ஸோடு சேர்த்துக் கட்டினார். ரப்பர்க்காரர் முட்டியை மார்புவரை தூக்கித் தூக்கிக் கடையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பள்ளிக்கூட ஷூ வாங்க வந்த சிறுமி, தனக்கும் அதேதான் வேண்டும் என்று அழ ஆரம்பித்தாள்.

"பில் போடலாமா சார்?" என்றார் முதலாளி.

போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அங்குலம் தொழிலில் நேர்மையானவர். "தண்ணிக்குள்ள போற பூட்ஸ், தண்ணியில பாக்காம எப்படிக் குடுக்கறது முதலாளி? நாளைக்கு சார் தலைகீழாத் தொங்கினா பழி யாருக்கு?"

தரை துடைக்கிற நீல பக்கெட்டில் அரை பக்கெட் தண்ணீர் வந்தது. அட்டை மூடிகளைக் கழற்றிவிட்டு, ரப்பர்க்காரரை அதற்குள் நிற்கச் சொன்னார்கள். வலது காலை வைத்தார். சரியாக இருந்தது. இடது காலை வைக்க இடம் இல்லை. அங்குலம் முழங்காலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். இடது காலும் போய்விட்டது.

ஐந்து நிமிஷம் ஊறவிட்டார்கள். "சார், ஒரு சொட்டு உள்ள வந்துச்சா?" "வரல." "விரல் மரத்துச்சா?" "இல்ல." "சபாஷ். வெளிய வாங்க."

ரப்பர்க்காரர் வெளியே வர முயன்றார். பக்கெட்டும் வந்தது. கான்வாஸ் தண்ணீர் குடித்து ஊதி, இரண்டு பூட்ஸும் பக்கெட்டுக்குள் ஆப்பு அடித்தது மாதிரி இறுகியிருந்தன. பயத்தில் அவர் குனிய, வயிறு மடங்கி, மிச்சமிருந்த காற்றும் காலுக்கு இறங்கியது.

"அசையாதீங்க சார், நான் இழுக்கறேன்." அங்குலம் பக்கெட்டைப் பிடித்து இழுத்தார். முதலாளி ஓடிவந்து ரப்பர்க்காரரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் இழுத்தார். மூன்று பேரும் ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டே போய், பள்ளிக்கூட ஷூ அலமாரியில் முட்டி நின்றார்கள்.

"படுக்க வெச்சுக் கால மேல தூக்குங்க," என்று பில் போடும் அக்கா யோசனை சொன்னாள். தூக்கினார்கள். பக்கெட்டில் இருந்த தண்ணீரெல்லாம் காலோடு வழிந்து, உடைமேல் ஓடி, கடைசியில் ரப்பர்க்காரரின் முகத்தில் வந்து கொட்டியது. ஒன்றைச் சொல்ல வேண்டும், உள்ளே ஒரு சொட்டு போகவில்லை. காற்றோ மடங்கிய இடுப்பிலிருந்து கிளம்பிக் காலிலேயே போய்க் குடியேறியது. பக்கெட்டின் பக்கச் சுவர் உப்புவது கண்ணுக்கே தெரிந்தது. அவசரமாக அவரை எழுப்பி நிறுத்தினார்கள்.

"விட்டுடுங்க," என்றார் ரப்பர்க்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வழியில்லாமல். "நான் இப்படியே போயிடறேன்."

"போகக் கூடாது சார்!" அங்குலம் கதறிவிட்டார். "நீங்க இப்படியே போனீங்கன்னா என் ஸ்டூல் போயிடும் சார். இருபத்தாறு வருஷம்! நான் குடோனுக்குப் போயிடுவேன் சார்!"

ரப்பர்க்காரருக்கு விஷயம் முழுசாகப் புரியவில்லை. ஆனால் ஒரு பெரிய மனுஷன் தன் பக்கெட்டைக் கட்டிக்கொண்டு அழுவதை அவரால் பார்க்க முடியவில்லை. "அழாதீங்க. இருக்கேன்," என்றார்.

அப்போதுதான் மணி நாலு. மெஷின்காரர் உள்ளே நுழைந்தார். கழுத்தில் டை, கையில் பெரிய பெட்டி. சிதறிக் கிடந்த நாற்பது ஜோடிச் செருப்பைத் தாண்டி, தேங்கிய தண்ணீரைத் தாண்டி வந்து, பக்கெட்டுக்குள் நிற்கும் மனுஷரைப் பார்த்து, பழகிய புன்னகையோடு சொன்னார்: "இதுக்குத்தான் சார் எங்க மெஷின். மனுஷங்க பாத்தா இப்படித்தான் ஆகும்."

அங்குலத்தின் காதில் அது ஈட்டியாக இறங்கியது.

மெஷின்காரர் கண்ணாடிப் பலகையைத் தரையில் விரித்து, திரையை நிமிர்த்தி வைத்தார். "ஏறி நில்லுங்க சார். எந்தக் காலா இருந்தாலும் மூணு நொடிதான்." இரண்டு பக்கமும் பிடித்து, ரப்பர்க்காரரைப் பக்கெட்டோடு தூக்கி அதன்மேல் வைத்தார்கள். பச்சை வெளிச்சம் ஓடியது. மெஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஒரு பெண் குரலில் சொன்னது:

"ஒரு கால் மட்டும் கண்டறியப்பட்டது. வடிவம், வட்டம். உங்கள் அளவு, நாற்பத்து மூன்று. குழந்தைகள் பிரிவில் பார்க்கவும்."

பில் போடும் அக்கா கம்ப்யூட்டருக்குப் பின்னால் மறைந்து குலுங்கினாள். மெஷின்காரர் ஒரு பட்டனை அழுத்தினார். "மற்றொரு காலை வைக்கவும்," என்றது மெஷின். இன்னொரு பட்டனை அழுத்தினார். "மற்றொரு காலை வைக்கவும். மற்றொரு காலை வைக்கவும்."

முதலாளி தாளைக் கையில் வைத்துக்கொண்டு மெஷினைப் பார்த்தார், அங்குலத்தைப் பார்த்தார்.

அங்குலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கிருந்தோ ஒரு ரோஷம் வந்தது. காற்றுக்குப் போக வழியில்லை, எல்லாப் பக்கமும் மூடியிருக்கிறது என்று இந்த மனுஷர்தானே சொன்னார்? மூடியிருந்தால் திறக்கவேண்டியதுதான். வளைந்த இரும்புக் கரண்டியை எடுத்தார். ரப்பர்க்காரரின் கழுத்துப்பட்டைக்குள் மெதுவாக விட்டு, லேசாக விலக்கினார்.

"சார், இப்ப மெல்லக் குந்துங்க."

ரப்பர்க்காரர் குந்தினார்.

வந்த சத்தத்தை எழுதுவதற்கில்லை. அது நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு, ஏழெட்டு நொடி வந்தது. கடையில் இருந்த அத்தனை பேரும் மரியாதைக்காக வேறு எங்கோ பார்த்தார்கள். சிறுமி மட்டும், "அம்மா, அந்த மாமா..." என்று ஆரம்பிக்க, அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

சத்தம் நின்றபோது உடை முழுவதும் சுருங்கி, ரப்பர்க்காரர் பாதி ஆளாக நின்றார். பக்கெட்டிலிருந்து வலது காலைத் தூக்கினார், வந்தது. இடது காலைத் தூக்கினார், அதுவும் வந்தது. பத்தாம் நம்பர் பூட்ஸ் அந்தக் கால்களில் தைத்து வைத்ததுபோல் இருந்தது. உட்கார வைத்துப் பார்த்தார்கள், பத்து. நிற்க வைத்தார்கள், பத்து. பெஞ்சில் குப்புறப் போட்டும் பார்த்தார்கள். பத்து, பத்து, பத்தேதான்.

"அப்பாடா," என்று மூச்சு வாங்கினார் ரப்பர்க்காரர். "ரொம்ப நல்லாப் பொருந்துது. இப்பவாவது நான்..."

"நடந்து காட்டுங்க சார்!"

நடந்து காட்டினார். ஒரு ஆட்டம் இல்லை, ஒரு கடி இல்லை. சிறுமி கை தட்டினாள். மெஷின்காரர், இன்னமும் மற்றொரு காலைக் கேட்டுக்கொண்டிருந்த மெஷினின் வாயை அடைத்து, பெட்டிக்குள் வைத்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்.

முதலாளி அந்தத் தாளை நாலாகக் கிழித்தார். அப்புறம் எட்டாக. குட்டி ஸ்டூலைத் தன் கையாலேயே எடுத்து நடுக் கடையில் வைத்து, "உக்காருப்பா அங்குலம்," என்றார். அங்குலம் உட்கார்ந்தார். இனி சாகிறவரைக்கும் இந்த இடத்தைவிட்டு யாரும் தன்னை நகர்த்த முடியாது என்று தோன்றியது.

பில் போடும் அக்கா பில்லை நீட்டிய நேரம் கதவு திறந்தது. தோளில் ஆபீஸ் பையும் கையில் குடையுமாக ஒரு அம்மா மூச்சிரைக்க உள்ளே வந்தாள். ரப்பர்க்காரரைக் கண்டதும் அவளுக்குக் கண் விரிந்தது. "என்னங்க, இன்னுமா இதுக்குள்ள இருக்கீங்க?"

"வாங்கம்மா!" முதலாளி கையை விரித்து வரவேற்றார். "உங்க வீட்டுக்காரர் சரியான கடைக்குத்தான் வந்திருக்கார். நம்ம அங்குலம் இருக்காரே, மெஷினே தோத்துப்போச்சு அவர்கிட்ட! கடைக்கு வர்றவங்க வாயத் திறக்கவே வேணாம். அவங்களுக்கு என்ன வேணும்னு பாத்த ஒடனே கண்டுபிடிச்சுடுவார்."

அந்த அம்மா முதலாளியைப் பார்த்தாள். ஸ்டூலில் இருந்த அங்குலத்தைப் பார்த்தாள். கணவனின் காலில் இருந்த புது பூட்ஸைப் பார்த்தாள். பிறகு பையையும் குடையையும் தரையில் வைத்துவிட்டு, கணவனைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள்.

"காலையில ஆபீஸ் போற அவசரத்துல நான் இழுத்து மூடிவிட்ட முதுகு ஜிப்புங்க இது, தனியாத் திறக்கக் கை எட்டலைன்னு போன்ல அழுதார், கீழ செருப்புக் கடையில யாரையாவது திறந்துவிடச் சொல்லுங்கன்னு அனுப்பி ரெண்டு மணி நேரமாச்சு, இத்தனை பேர்ல ஒருத்தருக்குமா ஒரு ஜிப்பத் திறக்கத் தெரியல?"